ஏற்கெனவே கொடுத்த படகு

படகின் கூரையில் விழுந்த ஓட்டையைக் கிளேட்டன் அடைக்கவில்லை. அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு ஒன்றைத் திருகி வைத்தான். மழை ஒழுகாது, ஓட்டையும் தெரியும். சுற்றிச் சிவப்பு வண்ணத்தில் ஒரு வட்டம் போட்டான். பயணிகள் வட்டத்துக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உயரமானவர்கள் கையை நீட்டி விளிம்பைத் தொட்டார்கள். அலுமினியம் உள்பக்கமாகக் கிழிந்து மடிந்திருந்தது. கை கீறினால் கீறலையும் படம் எடுத்தார்கள்.

அந்த ஓட்டை வழியாக வந்த கல் என் இடது காலில் விழுந்தது. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

என் பெயர் டார்லீன். கிளேட்டனின் படகில் ஆறு வருடம் டெக் வேலை பார்த்தேன். கயிறு, நங்கூரம், வாந்தி எடுப்பவர்களுக்குப் பை. பிறகு வாளி. எரிமலையின் லாவா கடலில் இறங்கும் இடத்தில் கடல் சுடும். படகு அங்கே நின்றதும் கயிறு கட்டிய வாளியை இறக்கிக் கடல்நீரை அள்ளுவேன். வரிசை வரிசையாகக் கொண்டுபோவேன். ஆளுக்கு ஒரு தடவை அதில் கையை விட்டுப் பார்ப்பார்கள். எல்லாப் படகிலும் இது உண்டு. யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது.

கரைக்கு வந்தபின் அவர்கள் பேசுவது வாளியைப் பற்றித்தான். பக்கத்துப் படகின் வாளியில் கை வைக்க முடியவில்லை, எங்கள் வாளியில் குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்று இணையத்தில் ஒருவர் எழுதினார். கிளேட்டன் அதை எனக்கு வாசித்துக் காட்டினான்.

"குழந்தை குளிக்கிற தண்ணியாம். கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னிக்கு அதுல முட்டை வேகணும்."

லாவா கடலுக்குள் இறங்கி உறைந்து புதுக்கரையாக நீளும். அதற்கு அடியில் பிடிப்பு கிடையாது. ஒரு நாள் உடைந்து விழும். உள்ளே இருக்கும் நெருப்புக்குள் கடல் புகும். கல் பறக்கும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்று சொல்லும் கேப்டன்கள் இருக்கிறார்கள். கிளேட்டன் அவர்களில் ஒருவன். நீராவி வெள்ளையாக இருந்தால் பயமில்லை என்பான்.

சட்டப்படி முந்நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அன்று அறுபதில் நின்றோம். நீராவி வெள்ளையாகத்தான் இருந்தது. வாளியை இழுத்து டெக்கில் வைத்தேன். வெடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கீழே பார்த்தபோது என் தொடைமேல் ஒரு கல் புகைந்துகொண்டிருந்தது. தேங்காய் அளவு. அதை யாரோ எனக்குக் கொடுத்தது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

நான்காம் நாள் கிளேட்டன் ஹிலோ ஆஸ்பத்திரிக்கு வந்தான். இலையில் கட்டி வேகவைத்த பன்றிக்கறி கொண்டுவந்தான். கூடவே ஒரு காகிதம். படகு முந்நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்றது, கல் எதிர்பாராத தூரம் வந்தது என்று அதில் இருந்தது.

"உண்மைய எழுதினா படகு போயிடும், டார். அப்புறம் நானும் இல்ல, நீயும் இல்ல."

"எனக்குக் கால் இல்ல, கிளேட்டன்."

"அதான் சொல்றேன். உனக்கு நான் இருக்கேன்ல."

நாங்கள் பள்ளியில் ஒரே வகுப்பு. கையெழுத்துப் போட்டேன். விசாரணை அதிகாரி வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். படகின் ஜி.பி.எஸ் பதிவு அன்று அழிந்துபோயிருந்தது. பயணிகள் யாரும் தூரத்தை அளந்திருக்கவில்லை.

ரோடெல் என் கணவன். கடல் தாண்டி இலோகோஸிலிருந்து இருபது வயதில் வந்தவன். கலபனா பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பப்பாளித் தோட்டமும் ஒரு வீடும் இருந்தன. லாவா எடுத்துக்கொண்டது. வீட்டை எடுப்பதற்கு முதல் நாள் நான் தரையைக் கூட்டித் துடைத்தேன். மேசைமேல் பூ வைத்தேன். கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்தேன். தீவில் பிறந்த எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வோம். எரிமலைத் தேவி பெலே வருகிறாள், அவள் இடம், சுத்தமாக இருக்கட்டும். ரோடெல் காரில் உட்கார்ந்து அழுதான். அதற்குப் பிறகு அவன் பெலேயை என்னைவிட அதிகம் நம்பினான்.

ஆகஸ்டில் கிளேட்டன் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தான். செருப்பை வாசலில் விட்டான். ரோடெல் அவனுக்குப் பீர் எடுத்துக் கொடுத்தான். கேட்காமலே கொடுத்ததைக் கவனித்தேன்.

"உனக்கு ஒரு சீட் வெச்சிருக்கேன், டார். என் பக்கத்துலயே. வேலை ஒண்ணும் கிடையாது. உக்காந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லு, போதும்."

"நான் என்ன காட்சிப்பொருளா?"

"ஆளுங்க கேக்கறாங்க. எங்க அந்தம்மா, எங்க அந்தம்மான்னு. ஓட்டைய மட்டும் பாத்தா திருப்தி ஆக மாட்டேங்குது."

"அரை டிராயர் போட்டுட்டு வரணுமா?"

கிளேட்டன் யோசித்தான். "போட்டா நல்லாத்தான் இருக்கும்."

அவன் கிண்டல் செய்யவில்லை.

"முடியாது," என்றேன். "டெக் வேலைக்கு யார வெச்சிருக்க?"

கிளேட்டன் ரோடெலைப் பார்த்தான். ரோடெல் அரிசி களைந்துகொண்டிருந்தான்.

"திங்கக்கிழமைலேர்ந்து நான் போறேன்," என்றான்.

"உனக்கு நீச்சலே சரியா வராது."

"நீச்சல் தெரிஞ்ச உனக்கு என்ன ஆச்சு?"

கிளேட்டன் சிரித்துவிட்டான். பீர் மூக்கில் ஏறியது. ரோடெலும் சிரித்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"பெலே வாங்கிட்டா, டார். நிலத்த வாங்கினா. வீட்ட வாங்கினா. உன் கால வாங்கினா. நம்மகிட்ட இன்னும் என்ன கேப்பா?"

"அவ கணக்கு வெச்சுக்கறவ இல்ல."

"என் படகுக்கும் அதுதான்," என்றான் கிளேட்டன் ரோடெலைப் பார்த்து. "ஏற்கெனவே கொடுத்த படகு. அவளுக்கு ஒண்ணும் கொடுக்காத படகுங்கதான் இனிமே பயப்படணும்."

இதைக் கிளேட்டன் மட்டும் சொல்லவில்லை. போஹோய்கி துறை முழுக்க அந்தப் பேச்சு இருந்தது. நான் ஊன்றுகட்டையோடு நடந்து பழகிய நாட்களில் இரண்டு கேப்டன்கள் என்னைக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, நம்ம படகையும் ஒரு தடவை தொட்டுட்டுப் போங்க," என்றார்கள். தொட்டேன்.

திங்கட்கிழமை நானும் போனேன். எனக்கு ஒன்றுதான் வேண்டும். ரோடெல் உள்ளே இருக்கும்வரை அந்தப் படகு முந்நூறு மீட்டர் கோட்டைத் தாண்டக் கூடாது.

எங்கள் துறையில் படகு தண்ணீரில் நின்று ஆள் ஏற்றாது. வண்டிமேல் இருக்கும்போதே ஏணி வைத்து ஏற வேண்டும். பிறகு டிரக் பின்னால் தள்ளிக் கடலில் இறக்கும். ஏணிக்குப் பதினோரு படி. பயணிகள் எல்லாரும் ஏறிய பிறகு கடைசியாக என்னை ஏறச் சொன்னான் கிளேட்டன். அவர்கள் மேலிருந்து பார்த்தார்கள். ஏழாம் படியில் செயற்கைக் கால் வழுக்கியது. ஒருவன் கை தட்டத் தொடங்கினான். மற்றவர்களும் தட்டினார்கள்.

முதல் நாள் உண்மையைச் சொன்னேன். பயம் வரட்டும் என்றுதான் சொன்னேன். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, அறுபது மீட்டரில் நின்றோம் என்றேன். நிற்கக் கூடாத இடம் என்றேன். வாளிக்காகப் போனோம் என்றேன். கிளேட்டன் தடுக்கவில்லை. நான் சொன்னால் அது கதை. அவன் சொன்னால் வாக்குமூலம். அது அவனுக்குத் தெரியும்.

"இப்ப எவ்ளோ தூரத்துல நிக்கறோம்?" என்று ஒருவர் கேட்டார்.

"முந்நூறு."

அவர் முகம் வாடியது. "அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாங்களா?"

கிளேட்டன் திரையைக் காட்டினான். ஜி.பி.எஸ் படத்தில் கரையை ஒட்டி ஒரு சிறு கொடி இருந்தது. அதன் பக்கத்தில் என் பெயர். டார். பின்னால் அவனே நினைவிலிருந்து குறித்து வைத்தது.

"போகலாமா?" என்றான். போகலாம் என்றார்கள். போனோம். ரோடெல் பாதி உடம்பை வெளியே சாய்த்து வாளியை இறக்கினான். நான் நீராவியைப் பார்க்கவில்லை. அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் இன்னும் கூட்டிச் சொன்னேன். கறி கருகிய வாசனையைச் சொன்னேன். எலும்பு வெளியே வந்த நிறத்தைச் சொன்னேன். ஒரு பெண் அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளேட்டனிடம், "அந்த இடத்துல ரெண்டு நிமிஷம் நிக்க முடியுமா?" என்று கேட்டாள்.

இறங்கும்போது கிளேட்டன் என் தோளைத் தட்டினான். "இன்னிக்குப் பிரமாதம், சிஸ். அந்த வாசனை மேட்டர் நாளைக்கும் சொல்லு."

மூன்றாம் நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியிருக்கவில்லை. காலைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், போகலாம் என்றார்கள்.

அடுத்த வியாழக்கிழமை மதியம். கோட்டில் படகு நின்றது. எஞ்சின் மெதுவாக ஓடியது. தூரத்தில் வெள்ளை நீராவி. கடல் அமைதியாக இருந்தது. தன் மகளோடு வந்த ஒருவர் கேட்டார்.

"மேடம், அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?"

"இங்கதான்."

"இங்கன்னா?"

"இதே இடம். சட்டம் நிக்கச் சொன்ன இடம். கோட்டுக்கு வெளிய."

அவர் கரையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். "அவ்ளோ தூரத்துலேர்ந்தா வந்துச்சு?"

"அவ்ளோ தூரத்துலேர்ந்துதான்."

வட்டத்துக்குக் கீழே நின்றிருந்த இருவர் நகர்ந்து போனார்கள். அவர் மகளைத் தன் பக்கம் இழுத்து, அவள் தலைமேல் கையை வைத்தார். உள்ளங்கை கல்லைத் தடுக்கும் என்பது போல.

"திரும்பிடலாமே," என்றார்.

கிளேட்டன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். அவன் ஒலிபெருக்கியை எடுத்தான். ஐந்தாறு பேர் கைப்பேசியை அவன் பக்கம் திருப்பினார்கள். ஒலிபெருக்கியை வைத்துவிட்டான்.

படகு திரும்பியது. ரோடெலின் வாளி காய்ந்திருந்தது.

துறையில் எல்லாரும் இறங்கிய பிறகு கிளேட்டன் ஏணிக்குக் கீழே நின்றான். நான் இறங்குவதற்கு வழி விடவில்லை.

"என்ன விளையாட்டு இது?"

"காகிதத்துல இருக்கறதத்தான் சொன்னேன். நீ எழுதினதுதான்."

"அது விசாரணைக்காரங்களுக்கு எழுதினது. இவங்களுக்கு இல்ல."

"அப்ப நீயே மைக்ல சொல்லு. அறுபதுன்னு."

அவன் ஏணியைக் காலால் லேசாகத் தட்டினான். விழ வைக்க அல்ல. விழ வைக்கலாம் என்று காட்ட.

"நொண்டிக்கு நூறு குசும்பு," என்றான். வழி விட்டான்.

ஐந்து பயணம் அப்படிப் போனது. ஐந்து தடவையும் கோட்டில் நின்று, நான் பேசி, திரும்பினோம். என்னை ஏற்றாமல் போகக் கிளேட்டனால் முடியவில்லை. வருகிறவர்கள் என்னைப் பார்க்கத்தான் வந்தார்கள். விளம்பரப் பலகையில் என் படம் இருந்தது.

வீட்டில் ரோடெல் பேசவில்லை. ஐந்தாம் நாள் சாப்பிடும்போது பேசினான்.

"துறையில எல்லாரும் சிரிக்கறாங்க. வாளி காயுதாம். நான் காலி வாளிய தூக்கிட்டு ஊர்வலம் போறேனாம்."

"காயட்டும்."

"ஆறு வருஷம் நீ வாளி தூக்கின. யாராவது உன்னத் தடுத்தாங்களா?"

"யாராவது தடுத்திருந்தா கால் இருக்கும்."

அவன் தட்டைத் தள்ளினான். "எனக்கு ரெண்டு கால் இருக்கு. அதுதான் உனக்குப் பொறுக்கல."

நான் சாப்பிட்டு முடித்தேன். அவன் தட்டையும் எடுத்துக் கழுவினேன்.

ஆறாவது பயணம் புதன்கிழமை. இருபத்திரண்டு பேர். மின்னசோட்டாவிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்திருந்தார்கள். நான் உட்காரும் இடத்தில் இரும்பு குத்துகிறது என்று கவனித்து, கணவர் தன் இருக்கை மெத்தையை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். கோட்டில் நின்றோம். வழக்கம்போல் சொன்னேன். இதே இடம். கோட்டுக்கு வெளியே. வழக்கம்போல் கூரையைப் பார்த்தார்கள். அப்போது அவர் பள்ளிக்கூடத்தில் போல விரலை உயர்த்தினார்.

"மன்னிக்கணும்மா. ஒரு சந்தேகம். கல் இங்கயே விழுந்துச்சு, இல்லையா?"

"ஆமா."

"சட்டம் பாதுகாப்புன்னு சொல்ற இடத்துலயே."

"ஆமா."

"அப்ப இந்தக் கோடு ஒண்ணையும் தடுக்கல."

நான் ஒலிபெருக்கியை மடியில் வைத்தேன்.

"இங்க நிக்கறதும் ஆபத்துதான், அங்க நிக்கறதும் ஆபத்துதான். ஒண்ணு நடக்கணும்னா எங்க இருந்தாலும் நடக்கும். அப்படின்னா..." அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "நல்லா தெரியற இடத்துலேர்ந்தே பாத்துடலாமே."

"இவர் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார்," என்றாள் அவர் மனைவி. "வீட்லயும் இப்படித்தான்."

சிரித்தார்கள். பயம் போன சிரிப்பு. கிளேட்டன் முதல் தடவையாக அந்த வாரத்தில் சிரித்தான்.

"மேடம் என்ன சொல்றாங்க?" என்றான். "ரெண்டும் ஒண்ணுதானா, டார்?"

இல்லை, அங்கே ஆபத்து அதிகம் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள். அறுபதைச் சொல்ல வேண்டும். அறுபது என்றால் அறுபதுக்குப் போக வேண்டும் என்பார்கள். ஒன்றுதான் என்று சொன்னால் இப்போதே போவார்கள்.

"போகாதீங்க," என்றேன். "என் புருஷன் இந்தப் படகுல இருக்கான்."

எல்லாரும் ரோடெலைப் பார்த்தார்கள். அவன் வாளியோடு முன்பக்கம் நின்றிருந்தான். இருபத்திரண்டு பேர் அவனைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"எனக்கு ஒண்ணும் ஆகாது," என்றான். "இது ஏற்கெனவே கொடுத்த படகு. எங்க வீடே கொடுத்தாச்சு."

கை தட்டினார்கள்.

"கை தூக்குங்க," என்றான் கிளேட்டன். "போகலாம்ங்கறவங்க."

எல்லாரும் தூக்கினார்கள். ரோடெலும் தூக்கினான். வாளி பிடித்திருந்த கை.

கிளேட்டன் என் பெயர் போட்ட கொடியைத் தாண்டினான். ஐந்து நாள் இழந்ததை ஒரே நாளில் எடுக்கப் போகிறவன் போல ஓட்டினான். நாற்பது மீட்டர் என்று திரை சொன்னது. முகத்தில் வெப்பம் அடித்தது. கரையின் சிவப்பு விரல் விரலாகக் கடலில் இறங்குவது தெரிந்தது. வாத்தியார் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

ரோடெல் வாளியை இறக்கி, இழுத்து, விரலை விட்டான்.

"வெதுவெதுன்னுதான் இருக்கு. இன்னும் கொஞ்சம், கேப்டன்."

"ரோடெல், உள்ள வா," என்றேன்.

"இன்னும் ஒரு பத்து மீட்டர்."

எஞ்சின் சூடு ஏறியதற்கான மணி அடித்தது. எஞ்சினைக் குளிர வைப்பது கடல்நீர். கரையை நெருங்க நெருங்க அந்தக் கடல்நீர் சூடேறிக்கொண்டிருந்தது. கிளேட்டன் மணியை நிறுத்தினான். படகு இன்னும் பத்து மீட்டர் போனது. ரோடெல் இரண்டு கையையும் நீட்டி, மார்பு விளிம்பில் அழுந்த, மறுபடி வாளியை இறக்கினான்.

புதுக்கரையில் ஒரு துண்டு விழுந்தது. பெரிய துண்டு இல்லை. ஒரு லாரி அளவு. வெள்ளை நீராவி கறுத்தது. கற்கள் மேலே போவது தெரிந்தது. கடலில் சீறிக்கொண்டு விழுந்தன. மூன்று நான்கு கூரையில் விழுந்து உருண்டன. யார் மேலும் படவில்லை. யாரோ கூவினார்கள். மகிழ்ச்சியில்.

பிறகு கரைப் பக்கமிருந்து கொதிநீர் அலை வந்தது. அதுவும் பெரிது இல்லை. விளிம்பைத் தாண்டும் அளவுதான். உட்கார்ந்திருந்தவர்கள் செருப்பு நனைய, காலைத் தூக்கிக்கொண்டார்கள். விளிம்பில் சாய்ந்திருந்தவனுக்குக் கையும் மார்பும் கழுத்தும் நனைந்தன.

ரோடெல் அவன் மொழியில் அம்மாவைக் கூப்பிட்டான். நிமிர்ந்தான். சட்டையை இழுத்தான். தோலும் வந்தது.

நான் அவனிடம் போக எழுந்தேன். படகு திரும்பியது. விழுந்தேன். தவழ்ந்து போனேன். வாத்தியார் தன் மேல்சட்டையைக் கழற்றி அவன்மேல் போர்த்த வந்தார்.

"போடாதீங்க," என்றேன். "ஒட்டிக்கும்."

அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கரை வரும்வரை அப்படியே நின்றார். அவர் மனைவி படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் அதே விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதலில் என்னிடம் கேட்டார். நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். அன்று அறுபது. இந்தத் தடவை முப்பது. காகிதம் பொய். கை தூக்கச் சொன்னது, தூக்கியது. அவர் நிதானமாக எழுதினார்.

"அப்ப முதல்ல எங்கிட்ட சொன்னது பொய்."

"ஆமா."

"போன வாரம் பயணிகள்கிட்ட சொன்னதும்? அஞ்சு நாளா நீங்க மைக்ல பேசினது இணையத்துல இருக்கு. கோட்டுக்கு வெளியன்னு நீங்களே சொல்றீங்க. நல்லா தெளிவா இருக்கு."

"அதுவும் பொய். அவங்கள பயமுறுத்தறதுக்காகச் சொன்னேன்."

"இது?"

"இது உண்மை."

அவர் எழுதினார். "பயணிகள்ட்டயும் கேட்டேன். கரை கிட்டத்துல தெரிஞ்சுச்சுன்னாங்க. கடல்ல தூரம் சொல்றது கஷ்டம்னு அந்தக் கணக்கு வாத்தியார் சொன்னார்."

"கை தூக்கினதச் சொன்னாரா?"

"யாரும் சொல்லல."

"கூரையில கல்லு விழுந்துச்சே."

"கல்லு முந்நூறுக்கும் வரும்னு போன தடவையே பதிவாகியிருக்கே, மேடம்."

பிறகு ரோடெலிடம் போனோம். விரல் நுனியிலிருந்து தோள்வரை கட்டு. மார்பில் கட்டு. கழுத்தில் கட்டு. முகம் மட்டும் வெளியே. அதிகாரி தன் தொப்பியை எடுத்துவிட்டு, எங்கே நின்றீர்கள் என்று கேட்டார்.

"கோட்டுக்கு வெளியதான், சார்," என்றான் ரோடெல்.

"உங்க மனைவி வேற சொல்றாங்க."

"அவளுக்குக் கால் போனதுலேர்ந்து மனசு சரியில்ல. ஒரு நாள் அறுபதும்பா. ஒரு நாள் முந்நூறும்பா. படகுல எல்லாருக்கும் தெரியும். கேட்டுப் பாருங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. பாவம் என்பது போல. நோட்டை மூடினார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஏன்?"

"படகு போயிட்டா நான் எதுல போவேன்?"

"இன்னும் போவியா?"

அவன் மேலே பார்த்துக்கொண்டு பேசினான். கண்கள் பளபளத்தன. மருந்து காரணமாக இருக்கலாம்.

"இத்தன நாளா பெலே எல்லாத்தையும் உங்கிட்டேர்ந்து வாங்கினா. நிலம் உங்க அப்பா கொடுத்தது. வீடு உன் பேர்ல. கால் உன்னோடது. எங்கிட்ட கேக்கவே இல்ல. இப்ப நேரா எங்கிட்டயே வாங்கிட்டா. இனி எனக்கே ஒண்ணும் ஆகாது."

"விரல் மடங்காதுன்னு டாக்டர் சொன்னாரு."

"வாளிக்கு மணிக்கட்டு போதும். கயித்தச் சுத்திக்கலாம். கிளேட்டன் வந்தான். ஆறு வாரம் எடத்த அப்படியே வெச்சிருக்கேன்னான்."

தண்ணீர் கேட்டான். கோப்பையில் உறிஞ்சு குழாய் போட்டு அவன் வாயில் வைத்தேன். குடித்தான்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்காத," என்றான். "நீ இனிமே படகுக்கு வர வேணாம்."

"ஏன்?"

"நீ இருந்தா ஆளுங்க உன்னையே பாக்கறாங்க."

குழாயை மறுபடி வைத்தேன். உதடு வெடித்திருந்தது. சரியாகப் பிடிக்க முடியவில்லை. பாதித் தண்ணீர் தாடை வழியாக இறங்கிக் கழுத்துக் கட்டுக்குள் போனது. எரிந்திருக்க வேண்டும். பல்லைக் கடித்தான்.

"தொடச்சு விடு, டார்," என்றான்.

நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். துடைக்கவில்லை.